இணையவழிப் பாடம் தயாரிக்கப் பல்கலைக்கழக நிதி பெறுவது எப்படி? திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

"இணையவழிப் பாடங்களை உருவாக்க விரும்பும் விரிவுரையாளர்களிடமிருந்து முன்மொழிவுகள் கோரப்படுகின்றன" என்று பீடத்துக்கு ஒரு சுற்றறிக்கை வரும். கடைசித் திகதிக்கு இரண்டு கிழமை இருக்கும். அன்று பின்னேரமே விரிவுரையாளர் அறையில் கெமரா விலை பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் முன்மொழிவில் பாதிக்கு மேற்பட்ட தொகை கருவிகளுக்கே போயிருந்தது. அது திரும்பி வந்தபோது ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "இதையெல்லாம் யார், எப்போது செய்வார்?" அந்தக் கேள்விக்குப் பதில் எழுதக் கற்றுக்கொண்ட பிறகு இரண்டு தடவை நிதி கிடைத்தது. அப்புறம் மற்றவர்களின் முன்மொழிவுகளை மதிப்பிடும் மேசையிலும் உட்கார நேர்ந்தது. அங்கேயும் அதே கெமராக்கள்தான்.

கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். அரசப் பல்கலைக்கழகம் எதிலும் நடைமுறை பெரிதாக வேறுபடாது.

1. எந்தப் பாடம்?

நமக்கு மிகப் பிடித்த பாடத்தைத்தான் மனம் முதலில் சொல்லும். பெரும்பாலும் அது நான்காம் வருடத்தில் பதினொரு பேர் எடுக்கும் சிறப்புப் பாடமாக இருக்கும். நிதி கொடுப்பவர் பார்க்கும் கணக்கு வேறு. வருடத்துக்கு எத்தனை பிள்ளைகள் எடுக்கிறார்கள், எத்தனை பேர் மீண்டும் பரீட்சை எழுதுகிறார்கள், அடுத்து வரும் எத்தனை பாடங்கள் இதன்மேல் நிற்கின்றன, ஐந்து வருடத்தில் உள்ளடக்கம் எவ்வளவு மாறும்? அடிப்படைப் புள்ளிவிபரவியல், நிரலாக்க அறிமுகம், நிதிக் கணக்கீட்டின் முதல் பாடம், கல்விசார் எழுத்து ஆகியவை இந்த நான்கு கேள்வியையும் தாங்கும். வரிச் சட்டம் பற்றிய பாடத்தை எடுத்தால் அடுத்த வரவு செலவுத் திட்டத்தோடு வீடியோ பழசாகிவிடும்.

முழுப் பாடத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றில்லை. சித்த மருத்துவத்தில் நாடி பார்ப்பதை வீடியோவில் கற்றுக் கொடுக்க முடியாது. ஆனால் மருந்துப் பொருட்களைப் படிக்கும் குணபாடத்தில் ஒரு மூலிகையின் இலை, பூ, வேர் ஆகியவற்றை நெருக்கமாகக் காட்டும் ஐந்து நிமிட வீடியோவை முதல் நாள் இரவே பார்த்துவிட்டு வரும் மாணவி, தோட்டத்தில் நிற்கும்போது வேறு விதமான கேள்வி கேட்பாள். இப்படிப் பாதி நேரில், பாதி இணையத்தில் என்று அமையும் கலப்புப் பாடத்துக்கு அங்கீகாரம் பெறுவதும் இலகு.

தெரிவு செய்ததும் கடந்த மூன்று வருடப் பதிவு எண்ணிக்கையையும் பெறுபேறுகளையும் பரீட்சைப் பகுதியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு கிழமையில் அது மட்டும் கைக்கு வராமல் போக வாய்ப்புண்டு. அதனால் சுற்றறிக்கை வருமுன்பே கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

2. மணித்தியாலக் கணக்கு போடுங்கள்

முன்மொழிவின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, விரிவுரையாக நடக்கும் பாடத்தில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 50 மணித்தியாலக் கற்றல் உழைப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம். 15 வார அரையாண்டில் வாரத்துக்குப் பத்து. வாசிப்பு, பயிற்சி, ஒப்படை, பரீட்சைக்குத் தயாராவது எல்லாமே இந்தப் பத்துக்குள் அடங்கும். வகுப்பறையில் 45 மணித்தியாலம் பேசினோம், எனவே 45 மணித்தியால வீடியோ வேண்டும் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 2014இல் இணையவழிப் பாடங்கள் தரும் எடெக்ஸ் தளத்தின் 69 இலட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்தவர்கள், ஆறு நிமிடத்துக்கு மேல் நீளும் வீடியோவில் மாணவரின் கவனம் நிற்பதில்லை என்று கண்டார்கள். எங்கள் பிள்ளைகள் மட்டும் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

சரி, வாரத்துக்கு மூன்று வீடியோ, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள், 12 கற்பித்தல் வாரம் என்று வைப்போம். மொத்தம் 36. ஒரு வீடியோவுக்கு எனக்கு ஆன நேரத்தைக் கொப்பியில் குறித்து வைத்திருந்தேன். பேச்சை எழுத மூன்று மணித்தியாலம், சிலைடுக்கு இரண்டு, பதிவுக்கு ஒன்றரை, வெட்டி ஒட்ட இரண்டு, வீடியோவின் கீழ் ஓடும் எழுத்துரைக்கு ஒன்று. ஆக ஒன்பதரை. 36 வீடியோவுக்கு 342 மணித்தியாலம். வினா வங்கிக்கு 200 வினா, வினாவுக்குக் கால் மணி என்றால் இன்னும் 50. வார வழிகாட்டிக் குறிப்பு ஒன்றுக்கு மூன்று மணித்தியாலம் வீதம் 36. கூட்டினால் 428. எட்டு மணித்தியால வேலை நாளாகப் பிரித்தால் ஏறக்குறைய 54 நாள்.

இப்போது உங்கள் நேரசூசியை எடுங்கள். விரிவுரை, விடைத்தாள், கூட்டங்கள் போக வாரத்துக்கு ஐந்து மணித்தியாலம் மிஞ்சினால், ஓர் அரையாண்டில் 75. மீதி 353 எங்கிருந்து வரும்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் நிதி கேட்கிறீர்கள். இதை இப்படியே முன்மொழிவில் எழுதுங்கள். மதிப்பீட்டாளர்களும் விரிவுரையாளர்கள்தான், இந்தக் கணக்கைப் பார்த்ததும் தங்கள் நேரசூசி அவர்களுக்கு ஞாபகம் வரும்.

3. பிள்ளையின் கையில் என்ன இருக்கிறது?

வெருகலிலோ குச்சவெளியிலோ இருந்து வருகிற பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். மாத்தறையிலும் குருநாகலிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து வந்து விடுதியில் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். விடுதியில் வைபை கிடைக்கும். வளாகம் மூடினால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கையில் மிஞ்சுவது ஒரு கைபேசியும் டேட்டா அட்டையும்தான். 2020இல் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழக எல்எம்எஸ் (இணையவழிக் கற்றல்) தளங்களையும் சூம் வகுப்புகளையும் டேட்டாச் செலவில்லாமல் அணுக வழி செய்தார்கள். அந்த ஏற்பாட்டை நம்பி இன்று பாடம் வடிவமைக்கக் கூடாது. 2022இல் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதையும் மறந்துவிடக் கூடாது.

டேட்டாக் கணக்கு கடினமில்லை. பத்து நிமிட ஒலிப்பதிவு, வினாடிக்கு 64 கிலோபிட் என்றால் 4.8 எம்பி. அதே பத்து நிமிடம் சிறிய திரைக்கேற்ற 500 கிலோபிட் வீடியோ என்றால் 37.5 எம்பி. பளிச்சென்ற 2.5 மெகாபிட் வீடியோ 187.5 எம்பி. 36 பதிவுக்குப் பெருக்கினால் ஒலி மட்டும் 173 எம்பி, சிறிய வீடியோ 1.35 ஜிபி, பளிச் வீடியோ 6.75 ஜிபி. ஒரே பாடத்துக்கு! அந்தப் பிள்ளை அந்த அரையாண்டில் ஐந்தாறு பாடம் படிக்கிறாள்.

ஆகவே மூன்றையும் தருவதாகத் திட்டமிடுங்கள்: சிறிய வீடியோ, ஒலி மட்டும், அச்சிடக்கூடிய எழுத்து வடிவம். எழுத்து வடிவம் காது கேளாத மாணவருக்கும் உதவும், பரீட்சைக்கு முதல் நாள் எல்லோருக்கும் உதவும். போன வருட மாணவர் முப்பது பேரிடம் ஒரு பக்கக் கருத்துக்கணிப்பு எடுத்து, என்ன கருவி, மாத டேட்டாவுக்கு எவ்வளவு செலவு, சிக்னல் எப்படி என்று கேட்டு இணைத்தால் முன்மொழிவு கனம் பெறும். கடதாசியில் எடுங்கள். இணையப் படிவத்தில் எடுத்தால் இணையம் உள்ளவர்கள் மட்டும்தான் பதில் சொல்வார்கள்.

4. பணம் எங்கே இருக்கிறது?

பெரிய பணம் இதுவரை வெளியிலிருந்துதான் வந்தது. உலக வங்கி உதவியோடு ஐர்க்யூ என்ற உயர்கல்வித் திட்டம் 2003இலும், ஹெட்சி 2010இலும், பத்துக் கோடி டொலர் கொண்ட அஹெட் 2017இலும் தொடங்கின. அஹெட்டில் கற்றல், கற்பித்தல், மதிப்பீடு ஆகியவற்றை மேம்படுத்தவென்றே பீடங்களுக்குத் தனி மானியம் இருந்தது. இவை முடிந்துபோன திட்டங்கள். ஆனாலும் உங்கள் பீடம் அவற்றில் ஏதாவது பெற்றிருந்தால் பழைய முன்மொழிவையும் இறுதி அறிக்கையையும் தேடி எடுங்கள். வாங்கிய கெமரா எங்காவது அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். அதைக் கண்டுபிடித்தாலே பாதீட்டில் ஒரு வரி குறையும்.

பல்கலைக்கழகத்துக்குள்ளே பார்த்தால், திறைசேரி ஒதுக்கீட்டில் கற்பித்தல் மேம்பாட்டுக்கென இருக்கும் சிறு தொகை, வெளிவாரிப் பட்டங்கள், கட்டணக் கற்கைகள் ஆகியவற்றிலிருந்து வரும் சுயவருமானம், பணியாளர் விருத்தி நிலையத்தின் பயிற்சிப் பணம் என்று மூன்று வழி. சுயவருமானத்தைத்தான் நான் முதலில் தட்டுவேன். அதைச் செலவிட முடிவெடுப்பவர்கள் பக்கத்தில் இருப்பவர்கள். உங்கள் பாடத்தை வெளிவாரி மாணவருக்கும் கொடுக்கலாம் என்று சொன்னால் அவர்களுக்கு அது முதலீடாகத் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இரஸ்மஸ் பிளஸ் திறன்விருத்தி மானியத்துக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களும் தகுதி பெறும். ஆனால் பல நாட்டுப் பங்காளிகளோடு சேர்ந்துதான் போக வேண்டும். ஒற்றைப் பாடத்துக்கு அது மிகப் பெரிய பாத்திரம்.

5. பாதீடு

பத்து இலட்சம் ரூபாய் கிடைக்கிறது என்று வைத்து, விளங்குவதற்காக ஒரு மாதிரி போடுகிறேன். தொகைகளை உங்கள் நிதிப் பகுதியின் வீதங்களோடு ஒப்பிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தற்காலிக உதவியாளர், மாதம் 50,000, ஆறு மாதம்: 300,000
உங்கள் விரிவுரைகளில் ஒரு பகுதியை எடுக்கும் வருகை விரிவுரையாளர்: 240,000
வெளி மதிப்பீட்டாளரும் மொழித் திருத்தமும்: 100,000
எழுத்துரை, தமிழ் சிங்களச் சொற்கோவை: 80,000
மைக், விளக்கு, வெளி வன்தட்டு: 130,000
மாணவரோடு சோதனை ஓட்டம், அவர்களின் டேட்டா: 50,000
எதிர்பாராத செலவு: 100,000

முதல் நான்கு வரிகளையும் கூட்டினால் 720,000. நூற்றுக்கு 72 ரூபாய் மனிதரின் நேரத்துக்குப் போகிறது. அதில் இரண்டாவது வரி ரொம்ப முக்கியம். பாடம் எழுதுவதற்கு உங்களுக்கே கொடுப்பனவு கேட்பதைவிட, உங்கள் விரிவுரைச் சுமையைக் குறைக்க ஒருவரைக் கேளுங்கள். கொடுப்பனவு வாங்கினால் அதே இரவு நேரத்தில்தான் வேலை செய்வீர்கள். அத்தோடு, வழமையான கடமைக்கு மேலதிகக் கொடுப்பனவு பெற்றதற்குப் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையின் அங்கீகாரம் எங்கே என்று கணக்காய்வுக்காரர் கேட்டால் பதில் தேட வேண்டியிருக்கும்.

உதவியாளர் வரியில் ஒரு பொறி இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் தொழில்தருநர் பங்காகச் செலுத்த வேண்டிய நியமனமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அப்படியானால் 300,000க்கு மேல் 45,000 கூடும். எதிர்பாராத செலவில் ஏறக்குறையப் பாதி அங்கேயே போய்விடும்.

மைக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படம் மங்கலாக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், குரல் இரைந்தால் மூடிவிடுவார்கள். பதிவு மென்பொருளுக்குப் பணம் கேட்காதீர்கள். திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் இலவசம், பாடத்தை ஏற்றும் மூடில் தளமும் இலவசம்.

6. நாட்காட்டி

அரசின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. எங்கள் கல்வியாண்டு எப்போது தொடங்கும் என்று கடவுளுக்கும் சொல்ல முடியாது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால் அழிந்த பாடங்கள் பல. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் மே மாதம் நிதி அனுமதி வந்தது. விலைமனு கோரி, ஒரே ஒருவர் மட்டும் விலை தந்ததால் மீண்டும் கோரி, டிசம்பர் 27இல் பெட்டி வந்து இறங்கியது. பற்றுச்சீட்டு ஜனவரியில். பணம் திரும்பிப் போய்விட்டது. வழங்குநருக்குக் கொடுக்க அடுத்த வருடம் புதிதாக அனுமதி எடுக்க வேண்டியிருந்தது.

எனவே கொள்வனவை முதல் இரண்டு மாதத்துக்குள் முடிப்பதாகத் திட்டமிடுங்கள். திருகோணமலையில் ஒலிக்கருவி விற்கும் கடைகள் அதிகமில்லை. மூன்று விலைமனு சேர்க்கக் கொழும்பு வரை எழுத வேண்டிவரும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

கல்விசார் அங்கீகாரத்தைச் சமாந்தரமாக நகர்த்த வேண்டும். துறை, பீடச் சபை, தர உறுதிப்பாட்டுப் பிரிவு, கடைசியில் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகமான வந்தாறுமூலையில் கூடும் மூதவை (செனட்). பாடத்தின் கற்பித்தல் முறையோ மதிப்பீட்டு முறையோ மாறினால் மூதவை வரை போகாமல் முடியாது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் ஒரு மாதம் போகும். கூட்டத் திகதிகளைப் பதிவாளர் பகுதியிடம் கேட்டு, முன்மொழிவின் காலஅட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். அப்படி எழுதிய முன்மொழிவை மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். கண்டபோது கூடுதல் புள்ளி போட்டிருக்கிறேன்.

7. எழுதும் விதம்

"நவீன தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திக் கற்பித்தலின் தரத்தை மேம்படுத்தல்" என்று பத்துப் பேரில் ஒன்பது பேர் எழுதுவார்கள். அதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: "முதலாம் வருடப் புள்ளிவிபரவியலில் கடந்த மூன்று வருடமும் மாணவர் அதிகம் தவறிய பகுதி நிகழ்தகவு. அதற்கு ஒன்பது குறும் வீடியோக்களும், உடனே பிழை காட்டும் 60 பயிற்சி வினாக்களும் தயாரித்து, நேரடி வகுப்பைக் கணக்குச் செய்து பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துவோம்." இரண்டாவதைப் படிக்கும்போது பணம் எங்கே போகிறதென்று கண்ணுக்குத் தெரிகிறது.

மாதிரி வீடியோ ஒன்றைக் கைபேசியிலேயே எடுத்து இணைத்துவிடுங்கள். நாலு நிமிடம் போதும்.

மதிப்பீட்டுப் பகுதியை மழுப்பாதீர்கள். இணையப் பரீட்சையில் பார்த்து எழுதுவதை எப்படித் தடுப்பீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். தடுக்க முடியாது என்பதுதான் என் அனுபவம். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதினாலும் யோசிக்க வேண்டிய வினாக்களை இணையத்தில் தொடர் மதிப்பீடாக வைத்து, இறுதிப் பரீட்சையை மண்டபத்தில் வைப்பதாக எழுதினால் மூதவையும் அமைதியாக ஒத்துக்கொள்ளும். மின்வெட்டில் அகப்பட்ட பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

8. பணம் வந்த பிறகு

பதிவை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். நிலாவெளிப் பக்கம் கச்சான் காற்று எழுந்துவிட்டால் ஜன்னல் இரைச்சல் மைக்கில் ஏறும். (கடலைக்கும் அதே பெயர்தான், அதைக் கொறித்துக்கொண்டே பதிவு செய்த ஒருவரின் வீடியோவும் என்னிடம் இருக்கிறது.) ஜன்னலை மூடி மின்விசிறியை நிறுத்தினால் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. வீடியோவைச் சின்னதாக வைக்க இதுவும் ஒரு காரணம்.

முதல் இரண்டு வாரப் பாடத்தை மட்டும் தயாரித்து ஐந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், அவர்கள் கைபேசியில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். 36ஐயும் எடுத்து முடித்தபின் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று கேட்பதைப்போல் வேதனை வேறில்லை.

தமிழில் குறிப்பெழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பழைய குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தால், மூடிலில் ஏற்றுமுன் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் கைபேசியில் புரியாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து வாசித்துத் திருத்தவும் வேண்டும். தானியங்கி எழுத்துரையும் அப்படித்தான். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் எங்கள் விரிவுரையை அது கண்டபடி எழுதிவைக்கும். பாதீட்டில் 80,000 ஒதுக்கியதன் காரணம் இதுதான்.

9. உரிமை யாருக்கு?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழில்தருநருக்கே உரியது. நீங்கள் இடமாறிப் போனாலும் பாடம் அங்கேயே ஓடும். புதிய இடத்தில் அதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி வேண்டிவரும். பணத்தை ஏற்கும் கடிதத்தில் கையெழுத்திடும்போதே இதைப் பேசித் தீருங்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளியிட இரு பக்கமும் சம்மதித்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது. மற்றவர்களின் படங்களையும் வரைபடங்களையும் கூகுளில் எடுத்து ஒட்டியிருந்தால் அதற்கு முன் அவற்றைக் கழற்றுங்கள். மாணவரின் முகமோ குரலோ வீடியோவில் வந்தால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

10. அறிக்கையும் இரண்டாம் வருடமும்

இறுதி அறிக்கையில் "36 வீடியோ தயாரிக்கப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எத்தனை பேர் கடைசி வரை பார்த்தார்கள், எந்த வினாவில் அதிகம் பேர் பிழைவிட்டார்கள், நிகழ்தகவுப் பகுதியின் பெறுபேறு முந்தைய மூன்று வருடத்தோடு எப்படி நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். இதற்காகத்தான் ஆரம்பத்திலேயே அந்தப் பெறுபேறுகளை வாங்கி வைக்கச் சொன்னேன். பெறுபேறு முன்னேறாவிட்டாலும் அப்படியே எழுதலாம். அடுத்த தடவை கேட்கும்போது அந்த நேர்மைக்கு மதிப்புக் கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன்.

பற்றுச்சீட்டுகளின் பிரதியை உங்களிடமும் ஒன்று வைத்திருங்கள். மைக்கையும் விளக்கையும் பொருட்பதிவேட்டில் ஏற்றிப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உதவியாளரின் ஒப்பந்தம் முடிகிற கிழமையில், மூடிலிலிருந்து முழுப் பாடத்தையும் காப்புக் கோப்பாக இறக்கி, வெட்டாத மூல வீடியோக்களோடும் சிலைடுகளோடும் வன்தட்டில் போட்டு, ஒன்றைத் துறைத் தலைவரிடமும் இன்னொன்றை நூலகத்திலும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். என் முதல் பாடத்தின் மூலக் கோப்புகள் உதவியாளரின் மடிக்கணினியில் இருந்தன. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டாம் வருடம் ஒரு சிலைடில் ஒரே ஒரு எண்ணைத் திருத்த அந்த வீடியோவை முழுதாக மறுபடி எடுத்தேன். கொப்பியில் குறித்தேன், ஒன்பதரை மணித்தியாலம்.